கவர்னரைக் கைது செய்த ஊர்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மச்சானுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்கும் ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். இப்போது பரவாயில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார், அக்கா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

டோக்கன் வாங்கிவிட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே ராஜாஜி மண்டபம். அண்ணாவிலிருந்து கலைஞர் வரைக்கும் கடைசியாகப் பார்க்க ஜனம் முட்டி மோதிய இடம், நமக்கெல்லாம் அதுதானே ஞாபகம்? ஆனால் 1802இல் அதைக் கட்டி முடித்தது கவர்னர் விருந்து வைக்க, அதுவும் திப்புவை ஜெயித்த மிதப்பில். அதன் பக்கத்தில் கவர்னர் பங்களாவும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை இங்கிலீஷ்காரர் கைக்குத் திரும்ப வந்த பிறகு, 1753இல் மெதெய்ரோஸ் குடும்பத்திடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய தோட்ட வீடு அது. புதுச் சட்டசபைக்காக அந்த வளாகத்தைக் காலி செய்தபோது இடித்துவிட்டார்கள். அந்தச் சட்டசபைக் கட்டடத்தில்தான் இப்போது மச்சானுக்கு ஈசிஜி எடுக்கிறார்கள்!

சரி, நான் எழுத வந்தது பிகாட் என்கிற கம்பெனிக் காலத்து மெட்ராஸ் கவர்னரைப் பற்றி. 1755 முதல் 1763 வரை இருந்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு ஊர் போனவர், 1775இல் மறுபடி வந்தார். ஆற்காடு நவாப் பிடுங்கிக்கொண்ட தஞ்சாவூரை ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடு என்று லண்டன் உத்தரவு, இவரும் கொடுத்தார். வந்தது வினை. பென்ஃபீல்டு என்று ஒரு கம்பெனி ஊழியர், நவாபுக்கு நான் கடன் கொடுத்திருக்கிறேன், தஞ்சாவூர் விளைச்சல் எனக்கு எழுதிக் கொடுத்தது என்று வந்து நின்றார். கவர்னரோடு சேர்ந்து நிர்வாகம் பார்த்த கவுன்சிலில் பெரும்பாலோர் பென்ஃபீல்டு பக்கம், ஏனென்றால் நவாபின் கடனில் அவர்களில் பலருக்கும் பங்கு உண்டு. பிகாட் அவர்களில் இரண்டு பேரைச் சஸ்பெண்ட் செய்ய, அந்தப் பெரும்பான்மைக்காரர்கள் அவரையே கைது செய்ய முடிவெடுத்தார்கள். 1776 ஆகஸ்ட் 24 அன்று, அவர்கள் சொல்படி பட்டாளத்துக் கர்னல் ஸ்டூவர்ட், பிகாட்டோடு கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அதே வண்டியில் ஏறிப் போய், வழியில் சிப்பாய்களை வைத்து மடக்கிப் பிடித்துப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்விட்டார். சோறு செரிப்பதற்குள் என்பார்களே, அது.

சேதி கப்பலில் லண்டன் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். அங்கே அவரை மறுபடி பதவியில் வைக்க முடிவு செய்தார்கள், ஆனால் அது இங்கே தெரிவதற்குள் 1777 மே மாதம் காவலிலேயே செத்துப்போனார். எங்கே என்று நினைக்கிறாய்? உடம்புக்கு ஆகட்டும் என்று கொண்டுவந்து வைத்திருந்த அந்தத் தோட்ட வீட்டில்தான், அதாவது தான் கவர்னராக வாழ்ந்த அதே வளாகத்தில். கவுன்சில்காரர்கள் நாலு பேருக்கு அப்புறம் லண்டனில் தண்டனை கிடைத்தது: ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம், அவ்வளவுதான். அவர்கள் சுருட்டிய கணக்குக்கு அது வெற்றிலை பாக்குச் செலவு.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதே காதில் விழவில்லை. அக்காவிடம் நல்ல வசவு.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? வந்தால் கோட்டைக்குள் செயின்ட் மேரி சர்ச்சுக்குப் போவோம், பிகாட்டை அங்கேதான் புதைத்தார்கள். ஆதார் கார்டை மறக்காமல் எடுத்து வா, கேட்டாலும் கேட்பார்கள்.

அன்புடன்,
பாலு