மில்லிமீட்டரும் உழவு மழையும்: பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் அறிவியல் பாடநூல் குழுவினருக்கு வணக்கம்.

மரபறிவைப் பாடத்தில் சேர்ப்பது என்றால், ‘முன்னோர் அறிந்திருந்தனர்’ என்று பக்க ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுவதோடு முடிந்துவிடுகிறது. அதைப் பிள்ளைகள் சோதித்துப் பார்க்க முடியாது. மழையில் முடியும். மானாவாரி உழவர்கள் ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்பது மண்ணில் ஈரம் இறங்கிய ஆழத்தை வைத்து. வானிலைத் துறையின் மில்லிமீட்டரோ விழுந்த நீரின் அளவு. இரண்டையும் ஒரே நாளில் அளக்க வையுங்கள்.

மழைமானி செய்ய, பக்கச் சுவர் நேரான இரண்டு லிட்டர் புட்டி போதும். இடுப்பு ஒடுங்கியது ஆகாது. மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை நீர் ஊற்றி, அங்கே சுழியம் குறிக்க வேண்டும். வெயிலில் இந்த நீர் வற்றும். தினமும் காலை 8.30க்கு அளவைக் குறித்ததும் சுழியத்துக்குச் சரிசெய்யாவிட்டால் அடுத்த நாள் கணக்கு குறையும். மரம், சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி வையுங்கள்.

மண்ணை அதே நேரத்தில், வயலில் தோண்டிப் பாருங்கள். பள்ளித் திடல் மிதிபட்டு இறுகியிருக்கும், நீர் ஓடிவிடும். பழைய குழியில் நீர் தேங்குமாதலால் ஒரு மீட்டர் தள்ளிப் புதுக்குழி வேண்டும். காய்ந்த மணற்பாங்கான மண்ணில் 10 மி.மீ. மழை தோராயமாக 10 செ.மீ. இறங்கும், களிமண்ணில் 3, 4 செ.மீ.தான். வெடித்த கரிசலில் நீர் பிளவு வழியே போய்விடும், ஒரே குழியை நம்பக்கூடாது. வானிலைத் துறைக்கு 2.5 மி.மீ. பெய்தாலே அது மழை நாள். அந்த மழைக்கு எந்த உழவரும் ஏர் பூட்டமாட்டார். இரண்டு விரல்கடைகூட நனைந்திருக்காது.

ஆகவே ‘ஓர் உழவு = இத்தனை மி.மீ.’ என்று அட்டவணை அச்சிட்டுவிடாதீர்கள். அது ஊருக்கு ஊர், மண்ணுக்கு மண் மாறும். அந்தந்தப் பள்ளி ஐப்பசி, கார்த்திகையில் தானே கண்டுபிடிக்கட்டும். மண்ணை உருட்டி, பதம் வந்ததா என்று காட்ட ஊர் உழவரை அழைத்தால் அவருக்கு மதிப்பூதியம் கொடுங்கள். மதிப்பெண் அளவுக் குறிப்பேட்டுக்கு இருக்கட்டும். இரண்டு அளவும் ஒத்துப்போகாத நாளுக்குக் காரணம் எழுதிய பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.