வெல்டிங் பட்டறைகளையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கா என்றாலே பஞ்சமும் போரும்தான் செய்தியாகிறது. அங்குள்ள வெல்டிங் பட்டறைகளைப் பற்றியும் எழுதுங்கள்.

நைஜீரியாவிலும் கானாவிலும் அன்றாட உணவு ‘காரி’. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, பிழிந்து, வறுத்துச் செய்வது. பிடுங்கிய இரண்டு மூன்று நாளிலேயே கிழங்கு கெட ஆரம்பித்துவிடும். அதிலுள்ள சயனைடு நஞ்சும் போக வேண்டும். கையால் துருவுவது இடுப்பொடிக்கும் வேலை, பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. 1930களில் பிரெஞ்சுக்காரர்கள் நைஜீரியாவின் பக்கத்து நாடான பெனினுக்குக் கொண்டுவந்த துருவும் இயந்திரத்தை, நைஜீரியக் கொல்லர்களும் வெல்டர்களும் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ஆணியால் துளையிட்ட தகரத்தை உருளையில் சுற்றி, சின்ன எஞ்சினோடு பெல்ட் மாட்டினால் இயந்திரம் தயார். பழுதானால் அதே ஊரில் சரிசெய்துகொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இறக்குமதி இயந்திரம் உதிரிபாகம் இல்லாமல் நின்றுபோனால், கிழங்கு காத்திருக்காது.

சரி, குறையும் உண்டு. சாதாரணத் தகரம் துருப்பிடித்து மாவில் கலக்கும். துருப்பிடிக்காத எஃகு வாங்க இந்தப் பட்டறைகளுக்குக் கடன் வேண்டும். உதவி நிறுவனங்கள் வெளிநாட்டு இயந்திரங்களைக் கப்பலேற்றும் முன் அந்த ஊர் வெல்டரிடம் ஒரு வார்த்தை பேசட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை