ஆறே வாக்கு வித்தியாசம்

ஆசிரியருக்கு,

பிரிட்டனில் 2025 மே 1-ல் நடந்த ரன்கார்ன்–ஹெல்ஸ்பி நாடாளுமன்ற இடைத்தேர்தலை ரிஃபார்ம் யுகே கட்சியின் அலை என்று மட்டும் சொல்வது அரைகுறைக் கணக்கு. 2024-ல் ஆட்சியைப் பிடித்த லேபர் கட்சி அப்போது 14,696 வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதி அது. மறு எண்ணிக்கைக்குப் பின் ரிஃபார்மின் சாரா போச்சினுக்கு 12,645, லேபரின் கேரன் ஷோருக்கு 12,639. பாதிக்கு மேற்பட்டோர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. பசுமைக் கட்சி இரண்டாயிரத்துக்கு மேல் பிரித்துக்கொண்டது. ஆறு வாக்குக்கு இதில் எது போதாது?

முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில் லேபர் அரசு கைவைத்ததுதான் வீட்டுக்கு வீடு கோபத்தைக் கிளப்பியது. மூன்றே வாரத்தில் பிரதமர் ஸ்டார்மர் இறங்கிவந்தார். ஜூனில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள ஓய்வூதியர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும் என்று அறிவிப்பு வந்தது. தேர்தலுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

– ஒரு வாசகர்