பள்ளி வராண்டாவில் விற்கும் மூளை மாத்திரை: பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கு வணக்கம்.

இந்தப் பக்கத்தில் 22 வருடமாக மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். மாத்திரை விற்கிறவனே மாத்திரையைக் குறை சொல்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். இருந்தாலும் சொல்கிறேன்.

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டு, பேங்க் கணக்கில் பணம் ஏறும் மாதமும் பிளஸ் டூ பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கும் மாதமும் டெல்டாவில் ஒன்றுதான். 'மூளை சக்தி' கேப்சூல் விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. போன மாசியில் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வந்தால், வராண்டாவில் மேஜை போட்டு ஒருவர் டப்பா அடுக்கி வைத்திருந்தார். 60 கேப்சூல் 1,850 ரூபாய். "படித்தது மறக்காது, தூக்கம் வராது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளி வளாகத்துக்குள் விற்றதால், பள்ளியே சிபாரிசு செய்த மாதிரி ஆகிவிட்டது. என் கண்ணெதிரே பத்துப் பேர் வாங்கினார்கள். அதில் ஒருவர் என் கடையில் பாக்கி வைத்திருப்பவர். அது வேறு கதை.

டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தேன். நீர்ப்பிரம்மி, ஜிங்கோ (ஒரு மரத்தின் இலைச் சாறு), கிரியேட்டின், காஃபின், எல்-தியானின் (தேயிலையில் இருக்கும் பொருள்), வைட்டமின் பி12 என்று பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. எது எவ்வளவு என்று மட்டும் இல்லை. எல்லாம் சேர்த்து ஒரு கேப்சூலுக்கு 650 மில்லிகிராம், அவ்வளவுதான்.

இந்தப் பொருள்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கிரியேட்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குச் சட்டென்று சக்தி தேவைப்படும்போது கைகொடுக்கும் சேமிப்பு அது. கறியிலும் மீனிலும் இருக்கிறது, உடலும் கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. 2003-ல் ஆஸ்திரேலியாவில், சைவம் சாப்பிடும் இளவயதினர் 45 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினம் 5 கிராம் வீதம் 6 வாரம் கிரியேட்டின் கொடுத்தபோது, எண்களை மனதில் வைத்துத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அவர்கள் நன்றாகவே செய்தார்கள். சரி, 5 கிராம் என்றால் 5,000 மில்லிகிராம். ஆறு சரக்கும் சேர்ந்தே 650 மில்லிகிராம் உள்ள கேப்சூலில் அது எங்கே ஒளிந்திருக்கும்?

நீர்ப்பிரம்மி நம் வாய்க்கால் ஓரத்திலேயே படர்கிற செடிதான். வல்லாரை வேறு, நீர்ப்பிரம்மி வேறு. இரண்டையும் 'பிரம்மி' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், கவனியுங்கள். நீர்ப்பிரம்மியின் சாறெடுத்த பொடியை தினம் 300 மில்லிகிராம் அளவில் 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நினைவாற்றலில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் பெரியவர்களை வைத்துச் செய்தவை அவை. அடுத்த வாரப் பரீட்சைக்கு இன்று விழுங்கினால் பலன் கிடைக்காது. சிலருக்கு வயிற்றைக் கலக்குவதுதான் மிச்சம். ஜிங்கோ கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு அதை தினம் 240 மில்லிகிராம் வீதமும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் சுமார் 6 வருடம் கொடுத்தார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வெளிவந்தது.

"தூக்கம் வராது" என்று அவர் சொன்னது மட்டும் முழு உண்மை, காஃபின் உபயம். களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற பொருள் போய் உட்காரவேண்டிய இடத்தை காஃபின் பிடித்துக்கொள்கிறது. களைப்பு தீராது, தெரியாமல் இருக்கும். பாதி காஃபின் உடலை விட்டு இறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு ஒரு கேப்சூல் போட்டால், படித்ததை மூளை பதியவைக்கும் தூக்கம்தான் கெடும். காஃபின் கலந்த எனர்ஜி பானங்களின் லேபிளில் 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று அச்சடிக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதே சரக்கைக் கேப்சூலில் அடைத்துப் பள்ளி வராண்டாவில் விற்கிறார்கள்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. எரிபொருள் குளுக்கோஸ், அதாவது நாம் சாப்பிடும் சோறு. களத்தில் நெல் குவிந்து கிடந்தால் மட்டும் அரிசியாகிவிடுமா, மில் ஓடவேண்டாமா? உடம்பிலும் அப்படித்தான். குளுக்கோஸைச் சக்தியாக மாற்ற வைட்டமின் பி1 வேண்டும், ஆக்சிஜனைச் சுமந்து வர ரத்தத்தில் இரும்பு வேண்டும். பி1 விஷயத்தில் நம் பாட்டிமார் கெட்டிக்காரர்கள். குத்துவதற்கு முன் நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்தவர்களுக்கு பி1 இல்லாமல் வந்த பெரிபெரி என்ற நரம்பு நோயை ஆராயத்தான் 1918-ல் குன்னூரில் ஒரே அறையில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நம் பெண்பிள்ளைகளிடம் குறைவது இரும்பு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். என் தங்கை மகள் பிளஸ் டூ படித்தபோது புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "சோம்பேறி" என்று வீட்டில் திட்டினோம், நானும்தான் திட்டினேன். ஒரு டப்பா மெமரி பவுடரும் என் கடையிலிருந்தே போயிற்று. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், 12-ஆவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 8.2. மருத்துவர் எழுதிய இரும்பு மாத்திரை மலிவு விலைதான். மூன்று மாதத்தில் ஆள் மாறிவிட்டாள். தினம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்கிறவன் நான், சொந்த வீட்டில் கோட்டை விட்டேன்.

ரத்தசோகை வரை போகாமல் இரும்புக் கையிருப்பு மட்டும் குறைந்த மாணவிகளை வைத்து அமெரிக்காவின் பால்டிமோரில் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 1996-ல் வெளிவந்தது. 8 வாரம் இரும்பு சாப்பிட்டவர்கள் சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் முன்னேறினார்கள். கவனத்தை அளக்கும் சோதனைகளில் வித்தியாசம் இல்லை. இல்லாத சத்தைக் கொடுத்தால்கூட பலன் இந்த அளவுதான். குறையே இல்லாத பிள்ளைக்குக் கேப்சூல் என்ன செய்துவிடும்?

பி12-உம் இப்படித்தான். பால், முட்டை, மீன், கறியில்தான் அது கிடைக்கும். பாலும் குறைவாகக் குடிக்கிற சைவ வீட்டுப் பிள்ளைக்குக் கை கால் மரத்துப்போதல், ஓயாத அசதி இருந்தால் சோதித்துப் பார்ப்பது நல்லது. மூளைக்கு வேண்டிய அயோடினுக்கு, வேதாரண்யத்திலிருந்து வரும் கல் உப்பை மூட்டையாக வாங்காமல், பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று பார்த்து வாங்கினால் போதும். மீன் சாப்பிடுகிற வீடு என்றால் நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி மீனில், டப்பாவில் விற்கும் ஒமேகா-3 கொழுப்பு அத்தனையும் இருக்கிறது.

அப்புறம், காலைச் சாப்பாடு. காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் விரிவாக்கியதே நம் பக்கத்துத் திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25-ல். ஆனால் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. முதல் பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடிவரும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவேண்டியவர்கள் நீங்கள்தான். ஸ்பெஷல் கிளாஸுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு அவித்த முட்டையும் சுண்டலும் கொடுக்க, அந்த 1,850 ரூபாய்களைச் சேர்த்தாலே நிறைய நாளைக்கு வரும்.

உங்களிடம் நான் கேட்பது: கூட்டம் நடக்கும் நாளில் எந்தச் சத்துப் பொருள் விற்பனைக்கும் வளாகத்தில் இடம் தராதீர்கள். வாரம் ஒரு நாள் பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இலவசமாகக் கிடைக்கின்றன. குமட்டுகிறது என்று பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், கூடவே டீ குடிக்கக்கூடாது, எலுமிச்சைச் சாறு குடிக்கலாம் என்று ஒரு டீச்சர் ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பே, ஐப்பசி கார்த்திகையிலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஏற்கெனவே டப்பா வாங்கிவிட்டவர்கள் அதை என் கடைக்கு எடுத்துவரலாம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறதா, காஃபின் அளவு போட்டிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். மதியம் 2 மணிக்கு மேல் 4 மணி வரை கடையில் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரன், பிளஸ் டூ மாணவியின் அப்பா