டீச்சரின் பென்டிரைவ்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 12

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், காற்றின் மேல் பழியைப் போடலாமா என்று பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த வருடம் என் கடை போர்டைப் பெயர்த்துக்கொண்டு போய் டீக்கடை ஓட்டின் மேல் போட்டுவிட்டது. கரண்டும் நாளுக்கு நாலு தடவை போகிறது. கள்ளுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வேலந்தாவளம் எல்லை தாண்டி வரும் கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

வேலைப் பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ள நீ ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த ஜிக்கை மேனேஜர் தன் பெயரில் காட்டிவிட்டதாக எழுதியிருந்தாய் அல்லவா, அது மனசிலேயே கிடக்கிறது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். வேறு ஒன்று சொல்கிறேன்.

போன வாரம் நமக்கு மலையாளம் எடுத்த டீச்சர் கடைக்கு வந்தார். கையில் பழைய 4 ஜிபி பென்டிரைவ். அவர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அலமாரியிலேயே கிடந்ததாம், இப்போது சொருகினால் லைட்கூட எரியவில்லை. "எங்ஙனெயெங்கிலும் எடுத்துத் தா மோனே", எப்படியாவது உள்ளே இருப்பதை எடுத்துக் கொடு மகனே என்றார். அதைப் பிரித்து லென்ஸுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபுஜியோ மசுவோகா ஞாபகம் வந்தார். பென்டிரைவ், மெமரி கார்டு, செல்போன் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும், கரண்ட் போனாலும் எழுதியதை மறக்காத ஃப்ளாஷ் மெமரியைக் கண்டுபிடித்த ஜப்பான்காரர். தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாது.

பாலிடெக்னிக் லேபில் அதற்கு முந்தைய மெமரியான 2732 ஈப்ராம் சிப்பில் எழுதியதை அழிக்க என்ன பாடுபட்டோம்! தலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப், அதைப் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் இருபது நிமிடம் வைத்துவிட்டு வெளியே போய் வடை தின்றுவிட்டு வருவோம். எழுதி முடித்ததும் வெயில் படாமல் ஜன்னல் மேல் ஸ்டிக்கர். இத்தனைக்கும் அதில் இருந்தது 4096 பைட். மின்சாரத்தாலேயே அழிக்கிற ஈஈப்ராமும் அப்போதே இருந்தது. அது ஒவ்வொரு பைட்டாக அழிக்கும், அதற்காக ஒரு பிட்டுக்கு இரண்டு டிரான்ஸிஸ்டர், அதனால் விலை. பனந்தோப்பில் மரத்துக்கு ஒரு ஆளை ஏற்றிக் கலயம் கலயமாக இறக்குவது மாதிரி.

மசுவோகா யோசித்தது வேறு விதம். தனித்தனியாக அழிக்கும் வசதியை விட்டுக்கொடுத்துவிட்டு, தோப்பையே ஒரே நேரத்தில் காலி செய்தால் பிட்டுக்கு ஒரு டிரான்ஸிஸ்டர் போதும். ஒரு வசதியைக் குறைத்துத்தான் மலிவாக்கினார், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அவர் 1971ல் டோஷிபாவில் சேர்ந்தவர். நடுவில் விற்பனைப் பிரிவுக்குப் போய் ஒன்றும் விற்க முடியாமல் திரும்பி வந்தார். எவ்வளவு நல்ல சிப்பாக இருந்தாலும் விலை அதிகமானால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதை அங்கேதான் அவர் கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஃப்ளாஷ் வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, ராத்திரியிலும் லீவு நாளிலும் தானாகச் செய்தார், உன்னைப் போலவே. அழியும் வேகத்தைப் பார்த்து, கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்கிறதே என்று பெயர் வைத்தது கூட வேலை பார்த்த ஷோஜி அரியிசுமி. 1984ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் மசுவோகா அதை வெளியிட்டார், 1987ல் அதன் நாண்ட் வகையை, பென்டிரைவில் இருப்பது அதுதான். நாம் ஈப்ராமுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த அதே காலம்தான் மாப்ளே!

இன்டெல் சட்டென்று பிடித்துக்கொண்டு 1988ல் நார் என்ற இன்னொரு ஃப்ளாஷ் வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்டுபிடித்தவருக்கு டோஷிபா கொடுத்ததோ சில நூறு டாலர் போனஸ். அப்புறம் கீழே ஆளே இல்லாத ஒரு பெரிய பதவியில் உட்கார வைத்தார்கள். 1994ல் வெளியேறித் தான் படித்த தொஹோகு பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகப் போய்விட்டார். 2004ல் 100 கோடி யென் கேட்டு வழக்கு, 2006ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம். நமக்கு அது பெரிய தொகைதான். ஆனால் 2018ல் டோஷிபா அந்த மெமரி வியாபாரத்தை விற்றது சுமார் 2 லட்சம் கோடி யென்னுக்கு.

கம்பெனி பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, லேபும் சம்பளமும் அவர்களுடையது, சிப்பைத் தயாரிக்க நூறு பேர் வேண்டும். ஆனாலும் பெயரைச் சொல்ல என்ன செலவு? அவர் வழக்குப் போட்டது பணத்துக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. நீயும் மேனேஜரிடம் பணமா கேட்டாய்?

டீச்சர் பென்டிரைவில் போயிருந்தது கனெக்டர் சால்டர்தான், சிப் நன்றாகவே இருந்தது. ஆனால் ஃப்ளாஷ் சிப்பில் தகவலாக உள்ளே அடைத்த மின்னூட்டம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் மெல்லக் கசியும், அதனால் சில படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக வந்தன. டீச்சரின் ரிட்டயர்மென்ட் படத்தில் பின்வரிசையில் நீ தெரிகிறாய், நான் சாம்பலில் போய்விட்டேன்.

ஓணத்துக்கு வருகிறாயா? வராவிட்டாலும் அந்த ஜிக்கின் படம் ஒன்று அனுப்பு. ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் வைத்தாய் என்று இரண்டு தடவை படித்தும் எனக்குப் புரியவில்லை.

உன்,
கடைக்காரன்