பதினோராம் வகுப்பு நாடகப் பாடம் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசு பெற்ற மாணவர்கள் அனைவருக்கும் பாராட்டுகள். மழை விடுமுறையில் விடுபட்ட பாடங்களுக்குத் தை பிறந்ததும் சனிக்கிழமை வகுப்புகள் நடைபெறும்.

பதினோராம் வகுப்பு நாடகப் பாடத்தையே நிறுத்திவிடலாமே என்று பெற்றோர் சிலர் எழுப்பிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பிலிருந்து உருவாகி 1955இல் மேடையேறிய நாடகத்தைப் பிள்ளைகள் படித்து வருகிறார்கள். ஹிட்லரின் நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் எட்டு யூதர்கள் ஒளிந்து வாழ்ந்த கதை அது. கீழே வேலையாட்கள் இருக்கும் பகல் முழுவதும் காலணி அணியக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. அந்தக் காட்சியை வகுப்பில் நடித்தபோது எட்டுப் பிள்ளைகள் ஷூவைக் கழற்றிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தும்மியதும் மற்ற எழுவரும் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்கள். (வாசலில் நின்றது நான்தான்.)

1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்ட அந்த எட்டுப் பேரில் உயிரோடு மீண்டவர் ஆனின் தந்தை மட்டுமே. ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்டதால்தான், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டங்களில் தொடங்கி, சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது வரை அது படிப்படியாக எவ்வாறு நடந்தது என்று எழுதிவரச் சொன்னோம்.

சில பிள்ளைகள் இரவில் கைபேசியில் தனியே தேடியிருக்கிறார்கள். பிணக் குவியல்களின் படங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பரவி, அண்ணனின் கைபேசியை எடுத்த ஐந்தாம் வகுப்புச் சிறுவன் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. முன்கூட்டியே எச்சரிக்காதது எங்கள் தவறு. மூன்று நோட்டுகளிலோ, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, இப்படுகொலை நடக்கவே இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. அது மாற்றுக் கருத்து அன்று, பொய். கொன்றவர்களின் ஆவணங்களே அதற்குச் சாட்சி.

பாடத்தையே நிறுத்திவிடலாமே என்கிறீர்கள். நிறுத்துவதாக இல்லை. ஆனால் திங்கள் முதல் இந்த ஆய்வு பள்ளி நூலகத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே நடைபெறும். படங்கள் தேவையில்லை, சட்டங்களும் தேதிகளும் வரைபடமும் போதும். இனி அத்தகைய படத்தைப் பகிரும் மாணவர், பெற்றோர் நேரில் வந்து என்னைச் சந்தித்த பிறகே வகுப்பில் அமரலாம். அதைக் கேலிப் படமாக்கிப் பெற்றோர் குழுவில் போட்ட பெரியவரும் என்னை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சிக்கலே எழவில்லை. பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தந்தை ஒருவர், மாணவன் கொண்டுவந்த படங்களை அச்சிடாமல் வரைபடத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஆசிரியருக்குத் தகவல் சொன்னார். பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றியபடியே மகள் வாசிக்கக் கேட்ட ஒரு தாய், "அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது யாருளா?" என்றாராம். அதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை என்பதைத் தேடிப் படித்து, அந்த மாணவி மறுநாள் வகுப்பில் சொன்னாள். அவ்விருவருக்கும், பொறுமையோடு எங்களிடம் பேசிய மற்ற பெற்றோர் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்