அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்

டுலுத், மினசோட்டா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. கடைசியில் அப்பா தன் கையால் எழுதியிருந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன், தோட்டா செய்கிறாயாமே, இதற்கா அமெரிக்கா போனாய் என்று. முழுக்க எழுதுகிறேன், நீயே அவருக்குப் படித்துக் காட்டு.

பக்கத்து வீட்டுப் பெரியவரை வீடியோவில் பார்த்திருக்கிறாய், பனி தள்ளிக்கொண்டிருந்தாரே, அவர்தான். மைனஸ் இருபத்தைந்திலும் தொப்பி போடமாட்டார், யாரிடமும் சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை பேசமாட்டார். ஆனால் கராஜில் தோட்டா செய்கிற மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொல்லிக் கொடுக்கிறார். மேஜை, கூட்டை அழுத்துகிற பிரஸ், தராசு எல்லாம் அவருடையது, நான் எதுவும் வாங்கவில்லை. சாயங்காலம் அங்கே விளக்கு எரிந்தால் போய்விடுவேன், அநேகமாகத் தினமும்.

ரைபிள் தோட்டாவைச் சுட்டால் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கிற பிரைமரும் தீர்ந்துவிடும், குண்டு போய்விடும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். விலையில் பெரும்பங்கு அந்தக் கூட்டுக்குத்தான், அதனால் அதை எறியாமல் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். அவருடைய ரைபிளுக்கு .30-06, அமெரிக்க ராணுவம் 1906-இல் எடுத்துக்கொண்ட தோட்டா, பேரில் இருக்கும் 06 அந்த வருஷம்தான். முதலில் கூட்டைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். அப்புறம் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் பழைய பிரைமர் கழன்று விழும், சுட்டபோது உப்பின கூடும் பழைய அளவுக்கு வரும். கூடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும், 2.494 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டிச் சரிசெய்யவேண்டும்.

மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், குன்றிமணியில் பாதி. எந்த மருந்து, எந்தக் குண்டு, எவ்வளவு என்பதற்குப் புத்தகம் இருக்கிறது, அதில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டும் போட்டிருக்கும். தொடக்கத்திலிருந்துதான் ஏறவேண்டும், மனக்கணக்குக்கு இடமே கிடையாது. மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டாகவேண்டும், சிகரெட் வாசனையே ஆகாது. ஐம்பது கூடும் கட்டையில் வரிசையாக நிற்க, குண்டு வைப்பதற்கு முன்னால் பெரியவர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார், ஒன்றில் மருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறதா, ஒன்று காலியா என்று. அந்த நேரத்தில் நான் பேசினால் முதலிலிருந்து மறுபடி பார்ப்பார். அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்.

நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம், அப்பாவுக்குப் பகீரென்றது நியாயம்தான். இங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. நானும் கிரீன் கார்டு வந்த பிறகுதான் தொட்டேன். சித்தி பேரன் மாணவர் விசாவில் வருகிறானே, அவனிடம் கண்டிப்பாகச் சொல்லி வை: அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குற்றம்.

டெல்லியில் துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நான் பொறுக்கி வருவேனே, அந்த .22 கூடுகள் இதற்கு ஆகாது, தெரியுமா? அதில் தனியாகப் பிரைமர் இல்லை, பற்றவைக்கிற மருந்து அடி விளிம்புக்குள்ளேயே இருக்கும். நேற்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய் வெளியே ஃபிளாஸ்க்கோடு காத்திருந்தது, திரும்பும்போது மலை மந்திரில் ஏறிக் கும்பிட்டது, வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா வைத்த வத்தக்குழம்பு வாசனை, எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. பேச முடியவில்லை. பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, காபி ஊற்றிக் கொடுத்தார். எனக்கு அங்கே வரவேண்டும் அக்கா. டிக்கெட் விலை குறையட்டும் என்று பார்க்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை, ரசமும் சாதமும் தினமும் உண்டு. காரை விற்றது நல்லதாகப் போயிற்று, பஸ் வாசலிலேயே நிற்கிறது. இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போகும், வருஷக் கடைசியில் ஆபீஸில் அப்படித்தான். அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

கும்பகோணம் வீட்டு விஷயம். பெரியப்பா கேட்டார் என்பதற்காக அப்பா எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம், தாத்தாவின் மூலப்பத்திரத்தை முதலில் அத்தான் பார்க்கட்டும். என் பவர் பத்திரத்துக்கு வக்கீல் எழுதிய டிராஃப்டை அத்தானையே அனுப்பச் சொல், சிகாகோ இந்தியத் துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து அனுப்புகிறேன். அது அங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் டியூட்டி கட்டிவிடவேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கிணற்றுப் பக்கத்து மனை யார் பேரில் இருக்கிறது என்று பெரியத்தைக்குத்தான் தெரியும், அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் கேட்டு எழுது.

அன்புத் தம்பி